கஷ்டமான மலை ட்ரெக்குக்கு நாயைக் கூட்டிட்டுப் போறதா? ஏறுறதுக்கு முன்னாடி இறங்குறத யோசிங்க

வீட்ல நாய் இருந்து, ஆளுக்கு ட்ரெக்கிங் ஆர்வமும் இருந்தா, என்னிக்காவது ஒரு நாள் இந்த யோசனை வந்தே தீரும், இவனையும் கூட்டிட்டுப் போனா என்னன்னு. போகலாம், தாராளமா போகலாம். ஆனா தினமும் பார்க்ல ரெண்டு ரவுண்டு ஓடுறதும், ஆயிரம் மீட்டர் ஏத்தம் உள்ள பாறை வழியில ஏழெட்டு மணி நேரம் நடந்து திரும்பி வர்றதும் ஒண்ணு கிடையாது. கூட வர்ற மனுஷன்னா பாதி வழியில "எனக்கு முடியலப்பா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்"னு சொல்லிடுவான். நாய் சொல்லாது. நீங்க முன்னாடி நடந்தா போதும், உள்ளங்கால் கிழிஞ்சிருந்தாலும் வாலாட்டிக்கிட்டே பின்னாடி வரும், அதுவா படுத்துடுச்சுன்னா ஏற்கனவே ரொம்ப லேட்டுன்னு அர்த்தம். அதனால போதும்னு சொல்ற வேலை உங்களோடது, பத்திரமா கீழ கொண்டு வர்ற வேலையும் உங்களோடதுதான், கீழ எழுதியிருக்கறது எல்லாமே இத மனசுல வச்சுத்தான்.

எடையிலேர்ந்து ஆரம்பிங்க

எல்லாரும் முதல்ல என்ன பூட்ஸ் வாங்கறது, என்ன பெல்ட் வாங்கறதுன்னு கேப்பாங்க. நான் முதல்ல கேக்கறது, உங்க நாய் எத்தன கிலோ? ஏன்னா மேல காலு போச்சுன்னா தூக்கிட்டு இறங்கப் போறது நீங்கதான்.

2020 ஜூலைல இங்கிலாந்தோட உயரமான மலை ஸ்காஃபெல் பைக்ல நடந்தது இது. மொத்தமே 978 மீட்டர்தான். டெய்சின்னு ஒரு செயின்ட் பெர்னார்ட், 55 கிலோ, உச்சி வரைக்கும் போயிட்டு இறங்கும்போது பின்னங்கால் வலியில உக்காந்துட்டா, ஒரு அடி நகர மாட்டேன்னுட்டா. வாஸ்டேல் மலை மீட்புக் குழுவுலேர்ந்து 16 பேர் போய், ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு, பிஸ்கட் கொடுத்து சமாதானப்படுத்தி, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் வேலை பாத்து இறக்கினாங்க. மலையில மாட்டிக்கிட்ட மனுஷங்களக் காப்பாத்தறதுக்குப் பேர் போன இனம் வேற. இது நல்லபடியா முடிஞ்ச கதை. 2012 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல கொலராடோவுல மிஸ்ஸின்னு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, 4,000 மீட்டருக்கு மேல மவுண்ட் பியர்ஸ்டாட் பக்கத்து கூரான பாறை முகடு ஒண்ணுல பாதம் எல்லாம் கிழிஞ்சு நடக்க முடியாம போச்சு, புயல் வேற வந்துக்கிட்டு இருந்துச்சு, கூட வந்தவங்களால தூக்க முடியல, அங்கயே விட்டுட்டு இறங்கிட்டாங்க. சுமார் ஒரு வாரம் கழிச்சு அந்தப் பக்கமா போனவங்க பாத்துட்டு, முன்பின் தெரியாத ஆளுங்க சேந்து போய்த் தூக்கிட்டு வந்தாங்க. உயிரோட வந்துச்சு. ஓனர் மேல கேஸ் ஆச்சு.

ரெண்டு கதையிலயும் ஏறுறதுல பிரச்சனையே இல்ல, கவனிச்சீங்களா.

அதனால முதல் படி: நாயத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, இல்லன்னா தூக்கற ஸ்லிங்ல வச்சுக்கிட்டு, ஒரு பத்து மாடி படி இறங்கிப் பாருங்க. சிரிப்பா இருக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல. நாலாவது மாடியிலயே மூச்சு வாங்குதுன்னா தனியா கஷ்டமான வழிக்குப் போகாதீங்க, மாத்தி மாத்தித் தூக்க ரெண்டு மூணு பேரோட போங்க, அப்படி யாரும் கிடைக்கலன்னா சுலபமான வழியா பாத்துக்கோங்க. நாய்க்கும் இது ஒரு பழக்கம்தான், முன்னப்பின்ன தோள்லயே ஏறாத நாய் வலியில இருக்கும்போது தூக்கினா கடிக்கும், நம்ம நாய் கடிக்காதுன்னு எல்லாம் நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

இவன் இதுக்கு ஆளா?

வயசு முக்கியம். குட்டிங்களோட எலும்பு வளர்ச்சி முடியறதுக்கு முன்னாடி கடினமான ஏத்த இறக்கம் கூடாது. சின்ன இனங்களுக்கு சுமார் 12 மாசத்துல முடிஞ்சிடும், பெரிய இனங்களுக்கு 18 மாசம், சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆகும். ஆறு மாசக் குட்டிக்கு எனர்ஜி இருக்கே, ஓடிக்கிட்டே இருக்கேன்னு கேக்கறவங்க நிறைய பேர், எனர்ஜி இருக்கு, மூட்டு இன்னும் ரெடியாகல, அவ்வளவுதான். வயசான நாய்க்கு அதுக்கு நேர் எதிர் பிரச்சனை, மனசு ரெடி, இடுப்பு ரெடியில்ல.

பக், புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி தட்டை மூஞ்சி இனங்கள கஷ்டமான மலைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. இதுல நான் வளைஞ்சு கொடுக்க மாட்டேன். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, உள்ளங்கால்ல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், சூட்டை இறக்கறதுக்கு அதுக்கு இருக்கற ஒரே பெரிய வழி நாக்கத் தொங்கப் போட்டு இளைக்கறதுதான். மூச்சுப் பாதையே குறுகலா இருக்கற நாய்க்கு அந்த வழியும் பாதி அடைஞ்ச மாதிரி.

எடை கூடுதலா இருந்தா முதல்ல குறைங்க. விலா எலும்பு மேல கை வச்சு லேசாத் தடவினா எலும்பு கைல படணும், அழுத்தித் தேடற மாதிரி இருந்தா குண்டுதான். அப்புறம் வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட ஒரு தடவ காட்டுங்க, சும்மா பொது செக்கப்னு சொல்லாம "மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், இவ்வளவு தூரம், இவ்வளவு உயரம்"னு சொல்லுங்க, இதயம், இடுப்பு மூட்டு, முழங்கால் பாப்பாங்க. ரேபிஸ் ஊசி, லெப்டோஸ்பைரோசிஸ் ஊசி, உண்ணிக்கான மருந்து எல்லாம் தேதி தாண்டாம இருக்கான்னு அப்பவே பாத்துக்கோங்க. லெப்டோ காட்டு விலங்கோட மூத்திரம் கலந்த தண்ணியில வரும், மனுஷனுக்கும் தொத்தும்.

வழியத் தேர்ந்தெடுக்கறது

முதல்ல அந்த வழியில நாய்க்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. பல நாடுகள்ல தேசியப் பூங்கா, சரணாலயம் மாதிரி பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள நாய்க்கு அனுமதியே கிடையாது, இல்லன்னா குறிப்பிட்ட பாதையில மட்டும்தான். அங்க போய் கேட்ல சண்டை போடறதுல அர்த்தம் இல்ல, நாய் வாசன பட்டாலே பல விலங்குங்க அந்தப் பக்கத்தையே விட்டுடும், நாய் கொண்டு வர்ற நோய் காட்டு விலங்குக்குத் தொத்தும், அதனாலதான் தடை.

அனுமதி இருந்தா வழியப் பத்தி நாய் கண்ணோட்டத்துல விசாரிங்க. மனுஷனுக்கு எழுதின விவரத்துல "மிதமான வழி"ன்னு போட்டிருப்பாங்க, நடுவுல ஒரு இரும்பு ஏணி இருக்கும். ஏணி, சங்கிலி பிடிச்சு ஏறுற இடம், கம்பி வலை போட்ட பாலம், இந்த மூணும் நாய்க்குத் தடை. கீழ ஓட்டை தெரியற கம்பிப் பாலத்துல பல நாய்ங்க காலே வைக்காது, விரல் வேற மாட்டிக்கும். வழியில தண்ணி எங்க எங்க இருக்கு, மரம் இல்லாத வெட்ட வெளி எவ்வளவு தூரம், தரை மண்ணா, கூர்மையான சரளையா, பாதியில இறங்கிடறதுக்குக் குறுக்கு வழி இருக்கா, இதெல்லாம் கேளுங்க. முன்னாடி நாயோட போனவங்க கிட்டயே கேட்டா ரொம்ப நல்லது. முடிஞ்சா நாயை விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுங்க, இதுக்கு ஈடு இணை கிடையாது.

2,500 மீட்டருக்கு மேல போற மாதிரி இருந்தா உயரத்தோட பாதிப்பு நாய்க்கும் வரும்ங்கறத மறக்காதீங்க. சாப்பாடு வேண்டாம்னு ஒதுங்கறது, வாந்தி, நிழல்ல உக்காந்தும் இளைப்பு அடங்காம இருக்கறது, சோந்து போறது, இதெல்லாம் பாத்தா இறங்கறதுதான் மருந்து.

பழக்கறது

ரெண்டு மூணு மாசம் ஒதுக்குங்க. சமதளத்துல தூரம் கூட்டுங்க, அப்புறம் மேடு, அப்புறம் மண் வழி, அப்புறம் பாறை. ஒரே வாரத்துல தூரத்தையும் ஏத்தத்தையும் சேத்துக் கூட்டாதீங்க. தார் ரோட்ல, புல்வெளியில மட்டும் நடந்த நாயோட உள்ளங்கால் பேட் பாறைக்கு ரெடியா இருக்காது, அது கரடுமுரடா நடந்து நடந்துதான் தடிக்கும், க்ரீம் தடவி தடிக்க வைக்க முடியாது. க்ரீம் வெடிப்பு வராம பாத்துக்கும், அவ்வளவுதான்.

எப்ப ரெடின்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. போகப் போற தூரத்துல முக்கால்வாசிய ஒரு நாள் நடங்க. மறுநாள் காலைல நாய் எந்திரிக்கறதப் பாருங்க, எப்பவும் போல துள்ளி எந்திரிக்குதா, இல்ல முன்னங்கால நீட்டி யோசிச்சு யோசிச்சு எந்திரிக்குதா. ரெண்டாவதா இருந்தா இன்னும் சில வாரம் போகணும்.

கட்டளைகள்ல எனக்கு முக்கியமாப் படறது நாலு. கூப்பிட்டா வரணும், மான் ஓடினாலும் வரணும், இது வரலன்னா லீஷ, அதாவது பிடிச்சு நடத்தற கயிற, கழட்டவே கூடாது. "நில்"லுன்னா அந்த இடத்துலயே நிக்கணும். "விடு"ன்னா வாயில வச்சிருக்கறத, மோப்பம் பிடிக்கறத விடணும், செத்த விலங்கு, காளான், பாம்பு எல்லாத்துக்கும் இதுதான். நாலாவது, இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, "பின்னாடி". இறக்கத்துல நாய் உங்க காலுக்குப் பின்னாடி வரணும். முன்னாடி ஓடுற நாய் லீஷ இழுத்தா சரிவுல விழப் போறது நீங்க, அதோட நாய்க்கு நிக்கும்போதே எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால்ல இருக்கு, இறக்கத்துல இன்னும் ஏறும், வேகமா குதிச்சு குதிச்சு இறங்கற நாய்க்குத் தோளும் மணிக்கட்டும்தான் முதல்ல போகும். உங்க முதுகப் பாத்துக்கிட்டே மெதுவா வர்ற நாய் இந்தத் தொல்லை எல்லாம் இல்லாம வீடு வந்து சேரும்.

என்னென்ன எடுத்துக்கணும்

கழுத்துப் பட்டைல பேர், ஃபோன் நம்பர் போட்ட டேக் மட்டும் தொங்கட்டும், லீஷ் மாட்டாதீங்க. லீஷ் ஹார்னெஸ்ல, அதாவது நெஞ்சையும் முதுகையும் சுத்தி மாட்டற பட்டைல. ஹார்னெஸ் நெஞ்சுப் பக்கம் ஒய் வடிவத்துல இருக்கறதா, தோள் அசையறத தடுக்காததா, முதுகுல உறுதியான கைப்பிடி உள்ளதா பாத்து வாங்குங்க. அந்தக் கைப்பிடிதான் பாறையில உங்க உயிர்நாடி, பின் வயித்துப் பக்கம் மூணாவதா ஒரு பட்டை இருக்கற மாடல்னா தூக்கும்போது நாய் பின்பக்கமா உருவிக்கிட்டு வராது. மாட்டினதும் பட்டைக்கு அடியில ரெண்டு விரல் போகணும். புது ஹார்னெஸ்ஸ நேரா மலைல போய் மாட்டாதீங்க, அக்குள்ல உரசி புண்ணாகும், ரெண்டு வாரம் தினசரி வாக்ல போட்டுப் பழக்கிட்டு அக்குள் முடிய விலக்கி சிவந்திருக்கான்னு பாருங்க.

லீஷ் ஒன்றரை ரெண்டு மீட்டர் சாதாரணமானது போதும். சுருண்டு நீளற டைப் வேண்டாம், புதர்ல சுத்திக்கும். இடுப்புல மாட்டற பெல்ட் ஏத்தத்துக்கு நல்லாயிருக்கும், இறக்கத்துலயும் ஓரம் சரியற இடத்துலயும் கழட்டிக் கைல பிடிங்க, ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தரும் போகற மாதிரி கட்டி வச்சுக்கக் கூடாது.

பூட்ஸ் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். கூர்மையான சரளை, சூடான பாறை, உப்பு மாதிரி உறைஞ்ச பனி, இதுக்கெல்லாம் பூட்ஸ் தேவை. ஆனா செங்குத்தா ஏற வேண்டிய பாறையில பூட்ஸ் போட்டா நகத்தோட பிடிமானமும் பேடோட பிடிமானமும் போயிடும், அங்க கழட்டிடறது நல்லது. அளவெடுக்கும்போது நாய நிக்க வச்சு, பாதத்துக்கு அடியில பேப்பர் வச்சு, எதிர்ப்பக்கக் காலத் தூக்கிட்டு எடுங்க, எடை முழுசா இறங்கும்போது பாதம் விரியும். பல நாய்ங்களுக்கு முன்னங்கால் பாதம் பெருசு, பின்னங்கால் சின்னது, நாலும் ஒரே சைஸ்னு வாங்கினா பின்னங்கால் பூட்ஸ் ஏதாவது ஒரு புதர்ல கிடக்கும். முதல் தடவ போட்டதும் நாய் சேத்துல மாட்டின கொக்கு மாதிரி காலத் தூக்கித் தூக்கி நடக்கும், வீடியோ எடுத்துக்கோங்க, ஒரு வாரத்துல பழகிடும். நடக்கும்போது ஒவ்வொரு ரெஸ்ட்லயும் கழட்டிக் காத்தாட விடுங்க, உள்ள வேர்த்து ஊறிப்போன பேட் சீக்கிரமே உரிஞ்சு வந்துடும். நகத்த கிளம்பறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே வெட்டிடுங்க, முந்தின நாள் வெட்டி ரத்தம் வந்துட்டா ட்ரிப்பே போச்சு.

நாய்க்குத் தனி முதுகுப் பை போடறதுன்னா ஆரம்பத்துல உடம்பு எடையில 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம், ரெண்டு பக்கமும் சம எடையா இருக்கணும். கஷ்டமான வழிக்குப் பையே வேண்டாம்ங்கறது என் கருத்து. பாறை இடுக்குல மாட்டும், பேலன்ஸ் கெடும், தண்ணியில குதிச்சா உங்க சாப்பாடு நனையும்.

முதலுதவிக்குப் புண்ணுல ஒட்டாத காஸ் துணி, தன்மேல தானே ஒட்டிக்கற பேண்டேஜ், கழுவறதுக்கு சலைன், ட்வீசர், உண்ணி எடுக்கற கொக்கி, உபரியா ரெண்டு பூட்ஸ், மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கற தூக்கு ஸ்லிங், வாய்க்கட்டு போட ஒரு நீளத் துணி. நம்மளோட வலி மாத்திரைய நாய்க்குக் கொடுக்கவே கூடாது, ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் ரெண்டுமே அதுக்கு விஷம். வேணும்னா வெட் கிட்ட முன்னாடியே கேட்டு எடையப் பாத்து எழுதி வாங்கி வச்சுக்கோங்க.

சாப்பாடு, தண்ணி

கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி லேசா சாப்பாடு, நடுவுல கொஞ்சம் கொஞ்சமா தீனி, பெரிய சாப்பாடு எல்லாம் முடிஞ்சு நாய் நிதானத்துக்கு வந்தப்புறம். வயிறு நிறைய தின்னுட்டு குதிச்சா, முக்கியமா ஜெர்மன் ஷெப்பர்டு, டோபர்மேன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான இனங்களுக்கு, வயிறு உப்பி முறுக்கிக்கற ஆபத்து இருக்கு, அது வந்தா ஆபரேஷன்தான், மலை மேல வந்தா நினைச்சே பாக்க முடியாது.

நீங்க கொறிக்கறதுக்குக் கொண்டு போற பாக்கெட்ட நாய்கிட்டேர்ந்து தள்ளி வையுங்க. உலர் திராட்சை, சாக்லேட், மக்கடாமியா கொட்டை, சைலிட்டால்ங்கற சர்க்கரை மாற்று போட்ட சூயிங்கம், நாலும் நாய்க்கு விஷம், ட்ரெக்கிங் ஸ்நாக்ஸ்ல பாத்தா பாதி இதுதான் இருக்கும்.

தண்ணி சும்மா இருக்கற நாளுக்கே கிலோவுக்கு 50-60 மில்லி வேணும், நடக்கற நாள்ல ரெண்டு மடங்குக்கு மேல போகும். 20 கிலோ நாய்னா அதுக்குன்னே ரெண்டு லிட்டராவது உங்க முதுகுல ஏறணும், வழியில நிச்சயமா தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் குறைச்சுக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா, கேக்கறதுக்கு முன்னாடியே கொடுங்க. தேங்கின தண்ணி வேண்டாம், ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணி வரும். ஏரி, குட்டைல பெயிண்ட் கொட்டின மாதிரி பச்சையா நீலமா படலம் மிதந்தா நாய கிட்டவே விடாதீங்க, அந்தப் பாசி கொஞ்சம் உள்ள போனாலே உயிர் போகலாம், குடிக்கணும்னு கூட இல்ல, நீந்திட்டு முடிய நக்கினாலே போதும்.

அன்னிக்கு, மலையில

விடியறதுக்கு முன்னாடி கிளம்புங்க. வெயில் ஏறதுக்குள்ள ஏத்தம் முடியணும், மத்தியானத்துக்கு மேல மலைல இடி மழை வர்ற வாய்ப்பும் அதிகம். முதல் அரை மணி லீஷ்லயே மெதுவா போங்க, புது வாசன எல்லாம் பாத்து நாய் வெறி பிடிச்ச மாதிரி இழுக்கும், அங்கயே பாதி சக்திய செலவு பண்ணிடும். லீஷ் இல்லாம விட்டா நீங்க பத்து கிலோமீட்டர் நடக்கறதுக்குள்ள அது முன்னயும் பின்னயும் ஓடி அத விட எவ்வளவோ அதிகமா நடந்திருக்கும், அத நம்ம கணக்குல சேக்க மறந்துடறோம்.

மணிக்கு ஒரு தடவ உக்காருங்க. உக்காந்ததும் நீங்க தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி நாலு பாதத்தையும் திருப்பிப் பாருங்க. விரல் இடுக்க விரிச்சுப் பாக்கணும், அங்கதான் சின்னக் கல்லு, புல்லு முள்ளு, பனியில போனா உருண்டை உருண்டையா ஐஸ் மாட்டியிருக்கும். பேட் ஓரம் வெள்ளையா வழவழன்னு பளபளத்தா மேல் தோல் தேஞ்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், ரத்தம் வர்றதுக்கு முந்தின கட்டம் அது, அப்பவே பூட்ஸ் போட்டுடணும். பாறை சூடா இருக்கான்னு புறங்கையை வச்சு ஏழு செகண்டு பாருங்க, உங்களால வைக்க முடியலன்னா அதாலயும் முடியாது.

நாய் ஒரு கால நக்கிக்கிட்டே இருக்கறது, நிழல் கண்ட இடமெல்லாம் படுக்கறது, எப்பவும் முன்னாடி ஓடுறவன் பின்னாடி வர்றது, தீனி காட்டினாலும் முகம் திருப்பறது, இதுதான் அது பேசற பாஷை. அந்த நேரத்துல "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா"ன்னு சொல்லி இழுக்கறவங்களப் பாத்தா எனக்குக் கோவமா வரும்.

செங்குத்துப் பாறை வந்தா, இங்கதான் நிதானம் வேணும். நாய் ஏறிடும். பல நாய்ங்க பாறையில ஏறுற வேகத்தப் பாத்தா நமக்கே வெக்கமா இருக்கும். ஆனா ஏறின இடத்துல இறங்க அதுக்குத் தெரியாது, தலை கீழ போற மாதிரிதான் அதால இறங்க முடியும், நம்மள மாதிரி திரும்பி கால வச்சு தேட முடியாது. அதனால திரும்பி வர்றது அதே வழியா இருந்தா, ஏத்தறதுக்கு முன்னாடி இதுல எப்படி இறக்குவேன்னு உங்க மனசுல படம் ஓடணும், ஓடலன்னா அங்கயே நிறுத்திக்கோங்க. ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் மேல போய் கைப்பிடிய பிடிக்க, ஒருத்தர் கீழேர்ந்து பின்பக்கத்தத் தாங்கணும், இறங்கும்போது பலசாலி கீழ. அந்த நேரம் நாய்க்கு நேர் கீழ வேற யாரும் நிக்கக் கூடாது, நாய் தட்டி விடற கல்லு யார் தலைலயாவது விழும்.

எதிர்ல ஆள் வந்தா லீஷ சுருக்கிப் பிடிச்சுக்கிட்டு பாதைய விட்டு ஒதுங்கி நில்லுங்க, "ஒண்ணும் பண்ணாது"ன்னு கத்தறது பதில் இல்ல, அவங்களுக்கு நாய்னா பயமா இருக்கலாம். மேயற மாடு, கன்னுக்குட்டியோட இருந்தா நல்லா சுத்திப் போங்க, மாடு முட்ட வந்தா லீஷ விட்டுடுங்க, அது துரத்தறது நாயத்தான், நாய் தப்பிச்சுடும், கைல பிடிச்சுக்கிட்டு நின்னா நீங்கதான் மாட்டுவீங்க. நாய் போற கழிவ பையில போட்டு எடுத்துட்டு வரணும், கட்டின பைய வழியோரம் "வரும்போது எடுத்துக்கலாம்"னு வைக்கறது வேண்டாம், வரும்போது எடுத்தவங்கள நான் பாத்தது கிடையாது.

ஏதாவது ஆச்சுன்னா

சூட்டு அடிதான் (ஹீட் ஸ்ட்ரோக்) ரொம்ப ஆபத்து. நாயோட சாதாரண உடம்புச் சூடே சுமார் 38-லேர்ந்து 39 டிகிரி செல்சியஸ் வரைக்கும், 41-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போனா உள்ளுறுப்பு பாதிக்க ஆரம்பிக்கும். இளைப்பு நிக்கவே நிக்காம எச்சில் நூலா ஒழுகறது, ஈறு செக்கச்செவேல்னு ஆகறது, தள்ளாடறது, கூப்பிட்டா யாருன்னு தெரியாத மாதிரி பாக்கறது, வாந்தி. உடனே நிழல், உடனே உடம்பு பூரா தண்ணி, வயிறு, தொடை இடுக்கு எல்லாம், அப்புறம் தொப்பியாலயோ சட்டையாலயோ விசிறிக்கிட்டே இருங்க. ஈரத் துண்ட மேல போத்தி விடாதீங்க, கொஞ்ச நேரத்துல அதுவே சூட்ட உள்ள பிடிச்சு வச்சுக்கும். ஜில்லுனு தண்ணி ஊத்தலாமான்னு பயப்பட வேண்டாம், கைல கிடைக்கற தண்ணி எதுவானாலும் ஊத்துங்க, முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் தூக்கிட்டு ஓடணும். தெளிஞ்சு வாலாட்டினாலும் அன்னிக்கே வெட் கிட்ட போகணும், கிட்னி, ரத்தம் உறையறது இதுல எல்லாம் பாதிப்பு பின்னாடிதான் தெரியும்.

பேட் கிழிஞ்சா தண்ணி ஊத்திக் கழுவி மண்ணு கல்லு எடுத்துட்டு, ஒட்டாத காஸ் வச்சு, பேண்டேஜ இறுக்கமில்லாம சுத்துங்க, நடு விரல் ரெண்டோட நுனி வெளிய தெரியணும், வீங்குதான்னு அப்பதான் பாக்க முடியும். மேல பூட்ஸ் போட்டு மெதுவா இறங்குங்க. ரெண்டு காலுக்கு மேல போச்சுன்னா நடத்தாதீங்க, ஸ்லிங்க எடுங்க. வாய்க்கட்டுத் துணி போடறதா இருந்தா வாந்தி இல்லாம, இளைப்பு இல்லாம இருக்கும்போது மட்டும், வாயக் கட்டின நாயால சூட்ட இறக்க முடியாது.

நனைஞ்சு காத்துல நின்ன நாய்க்குக் குளிர் அடிக்கும். நடுங்கறது நின்னு மந்தமா ஆயிடுச்சுன்னா, குளிர் விட்டுடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். தொடைச்சு, உங்க ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டு, தரையிலேர்ந்து பாய் மேல ஏத்திடுங்க.

திரும்பற நேரத்த வீட்லயே எழுதி வச்சுட்டு வாங்க, உச்சி எவ்வளவு கிட்ட இருந்தாலும் அந்த நேரம் வந்தா திரும்பணும், அதோட நாய் கேட்ட நேரம் வந்தாலும் திரும்பணும், எது முதல்ல வருதோ அது.

வீட்டுக்கு வந்தப்புறம்

காதுக்குள்ள, அக்குள், விரல் இடுக்கு, வாலுக்கு அடியில விரல விட்டுத் தடவி உண்ணி தேடுங்க, கிடைச்சா கொக்கிய தோலோட ஒட்டி வச்சு எடுங்க, நசுக்காதீங்க, நெருப்பு வைக்காதீங்க. பாதத்த வெதுவெதுப்பான தண்ணியில கழுவித் துடைங்க. மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் சின்ன வாக் மட்டும் போதும். கொஞ்சம் விறைப்பா நடக்கறது சகஜம், ரெண்டு நாள் தாண்டியும் நொண்டினா வெட். மூத்திரம் காபி கலர்ல, கரும்பழுப்பா போனா காத்திருக்காதீங்க, தசை ரொம்ப அடிபட்டு உடைஞ்சு அது கிட்னி வழியா வருது, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.

அடுத்த மலைக்கு எப்பன்னு கேட்டா, லீஷ எடுக்கற சத்தம் கேட்டதும் பழையபடி கதவுகிட்ட வந்து நிக்குதா, மாடிப்படி இறங்கும்போது நாலு காலையும் ஒரே மாதிரி வைக்குதா, இத ரெண்டையும் பாத்துட்டு தேதி போடுங்க.